பொருள்: பிட்ச் ஃபேடருக்கு ‘சுருதி மாற்றி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். டிஜே கருவிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் இழையில், பிட்ச் ஃபேடரைப் பற்றி (இசைத்தட்டுச் சுழற்றியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நகரும் தண்டு) ஒருவர் எழுதியது இது:

> பிட்ச் என்றால் சுருதி. ஆகவே பிட்ச் ஃபேடர் ‘சுருதி மாற்றி’. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. டிஜே அந்தத் தண்டைத் தொடுவது சுருதிக்காக அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் தாளத்தோடு அடுத்த பாட்டின் தாளத்தைச் சேர்ப்பதற்காக. இசைத்தட்டு வேகமாகச் சுழன்றால் சுருதியும் கூடவே ஏறும். அது வேண்டாத விருந்தாளி, ஆனால் வாசலில் நிறுத்த வழியில்லை. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 இசைத்தட்டுச் சுழற்றியில் வேகத்தை 8 சதவீதம் வரை ஏற்றலாம், இறக்கலாம். நிமிடத்துக்கு 124 அடி விழும் பாட்டை 128-க்குக் கொண்டுவரச் சுமார் 3.2 சதவீதம் ஏற்ற வேண்டும். அதற்கே சுருதி அரை சுரஸ்தானத்தைத் தாண்டிவிடும் (ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு படிகளில் ஒரு படிதான் சுரஸ்தானம்). 6 சதவீதத்தை நெருங்கினால் முழுதாக ஒரு சுரஸ்தானம். ஆகவே அந்தக் காலத்தில் தண்டுக்குப் பக்கத்தில் ‘பிட்ச்’ என்று அச்சிட்டிருந்ததை யாரும் குறை சொல்ல முடியாது.

எண்ணிம (டிஜிட்டல்) கருவிகள் வந்ததும் அந்த முடிச்சு அவிழ்ந்தது. வேகத்தை மாற்றினாலும் சுருதியை இருந்த இடத்திலேயே நிறுத்தும் பொத்தான் வந்தது. டிஜேக்களுக்கான பயனியர் சிடிஜே வகைக் கருவிகளில் தண்டின் பெயரே ‘டெம்போ’ (வேகம்) என்று மாறிவிட்டது. (வேடிக்கை என்னவென்றால், சுருதியைப் பிடித்து நிறுத்தும் பொத்தானுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மாஸ்டர் டெம்போ’. வேகம் அது பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும், நிற்பது சுருதி!) இருந்தும் புழங்குகிறவர்கள் வாயில் இன்றும் ‘பிட்ச்’தான்.

கணினியோடு சேர்த்துப் பயன்படுத்தும் டைம்கோட் இசைத்தட்டைப் பாருங்கள், சிக்கல் இன்னும் தெளிவாகும். அந்தத் தட்டில் பாட்டு இல்லை, கட்டுப்பாட்டு ஒலி மட்டுமே. ஊசி படிப்பதிலிருந்து வேகத்தையும் திசையையும் கணினி கணக்கிட்டு, தன்னிடமுள்ள பாட்டை அதற்கேற்ப ஓட்டுகிறது. கையில் இருப்பது அதே பழைய டெக்னிக்ஸ், அதே தண்டு. ஆனால் மென்பொருளில் கீ லாக் (சுருதியை நிறுத்தும் அதே வசதி) போட்டிருந்தால் சுருதி அசையாது. அப்போது அதைச் ‘சுருதி மாற்றி’ என்று எப்படிச் சொல்வது?

என் முன்மொழிவு ‘வேக நகர்த்தி’. கீ லாக், மாஸ்டர் டெம்போ இரண்டுக்கும் ‘சுருதிப் பூட்டு’. ‘நகர்த்தி’யை வைத்துக்கொண்டால் மிக்ஸரில் (பாட்டுகளைக் கலக்கும் கருவி) இருக்கும் தண்டுகளையும் ஒலி நகர்த்தி, குறுக்கு நகர்த்தி என்று ஒரே குடும்பமாக அழைக்கலாம். ‘நடை நகர்த்தி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். காதுக்கு இனிமைதான். ஆனால் திஸ்ர நடை, கண்ட நடை என்று நம் இசையில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. ‘காலப்பிரமாணம்’ பாட்டின் வேகத்துக்குத் துல்லியமான சொல், ஆனால் அவசரத்தில் யார் வாயிலும் நுழையாது.

கியூ பாயின்டுக்கு (பாட்டை எங்கிருந்து ஓட்டுவது என்று குறித்துவைக்கும் இடம்) ‘எடுப்பு’ என்ற யோசனை எனக்குப் பாதி சம்மதம். நம் எடுப்பு தாள வட்டத்தில் பாட்டு தொடங்கும் இடம். கியூவைப் பாட்டின் நடுவிலும் வைக்கலாம், பத்து இடத்திலும் வைக்கலாம். தனி இழையில் பேசுவோம்.

‘வேக நகர்த்தி’யை விடச் சிறந்தது வந்தால் விட்டுக்கொடுக்கத் தயார். ‘மாற்றி’ மட்டும் வேண்டாம். ஒப்புமைக் குறிகையை (அனலாக் சிக்னல்) எண்ணிமமாக்கும் கருவிக்கு அந்தச் சொல்லை ஏற்கனவே கொடுத்துவிட்டோம், அதுவும் இதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறது.