ஊபினில் ஒரு நாள்: இருவருக்கு என்னென்ன தேவை?

கேள்வி: நாங்கள் தன்பாலீர்ப்பு இணையர், இரண்டு ஆண்கள். வார நாளில் சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவுக்குப் போய், அங்குள்ள செக் ஜாவா சதுப்பு நிலத்தை நிதானமாகப் பார்க்க ஆசை. எப்படித் திட்டமிடுவது? கைகோத்து நடந்தால் சட்டச் சிக்கல் உண்டா?

பதில் 1: இல்லை தம்பி. கைகோப்பது குற்றமே இல்லை. ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவும் 2023 ஜனவரியில் நீங்கிவிட்டது. தாராளமாக நடங்கள்.

முதலில் அலை அட்டவணை பாருங்கள். நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தில்தான் கடற்புல் வெளியே தெரியும். மற்ற நேரம் வெறும் தண்ணீர்தான். சேற்றில் ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டுகள் அதை ஆட்டிக்கொண்டிருக்கும். நிழல் பட்டதும் வளைக்குள் ஓடிவிடும். அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். அதற்காகவே போகலாம்.

பதில் 2: தீவுக்குப் போகும் சாங்கி முனைப் படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். அவசரமென்றால் மீதி இருக்கைகளுக்கும் நீங்களே கட்டலாம். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

வாடகை சைக்கிளில் இரண்டு பிரேக்கையும் கடையிலேயே சோதியுங்கள். சரளை இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சறுக்கும். செக் ஜாவாவின் பலகைப் பாதையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பறித்துவிடும். மாலை 5 மணிக்கே துறைக்குத் திரும்புங்கள். இருட்டினால் படகுக்கு ஆள் சேராது.