இன்டர்கூலர் குழாய்களின் பெயர்: ‘வெப்பக்குழாய்’ சரிப்படாது

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தருவது டர்போ; அப்படி அழுத்தியதில் சூடேறிய காற்றை ஆற்றுவது இன்டர்கூலர். வண்டிப் பாகங்களுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் இந்த இன்டர்கூலருக்கு என்ன சொல் வைப்பது என்பதிலேயே நம் மடல் இழை சுற்றிக்கொண்டிருக்கிறது. பட்டறையில் தகராறு வருவது அதன் இரு பக்கமும் உள்ள குழாய்களால்தான். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு வரும் குழாயை வெப்பக்குழாய் என்றும், அங்கிருந்து எஞ்சினுக்குப் போவதைக் குளிர்க்குழாய் என்றும் வைக்கலாம் என்று இழையில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி.

முதல் சிக்கல், வெப்பக்குழாய் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறொரு சொந்தக்காரர் இருக்கிறார். மடிக்கணினியின் சிப்பில் இருந்து சூட்டைக் கடத்தும் மூடிய செப்புக்குழாயை இயற்பியல்காரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். இரண்டாவது, ‘குளிர்’ என்பது பொய். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வெயிலில் 30 பாகை செல்சியஸ் காற்றை உள்ளிழுத்து 1 பார் பூஸ்ட் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்) கொடுத்தால், டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரின் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வெளியே வரும் காற்று ஏறக்குறைய 125 பாகை. நல்ல இன்டர்கூலர் அதை 50 பாகைக்கு இறக்கும். அந்த 50 பாகைக் குழாயில் கை வைத்துப் பார்த்தவர் யாரும் அதைக் குளிர்க்குழாய் என்று சொல்லமாட்டார்கள்.

அதே வண்டி என்-3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஜோஹன்னஸ்பர்க் போனால் கணக்கு மாறும். அங்கே உயரம் சுமார் 1,750 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தமே 0.83 பார்தான். கடற்கரையில் கிடைத்த அதே 2 பார் முழு அழுத்தம் (வெளிக்காற்று 1, பூஸ்ட் 1) வேண்டுமானால் டர்போ காற்றை 2.4 மடங்கு அழுத்த வேண்டும். சூடு 150 பாகையைத் தொடும். ஊருக்கு ஊர் மாறும் வெப்பநிலையை வைத்துப் பெயர் சூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாறாதது காற்று ஓடும் திசை.

அதனால் என் பரிந்துரை: டர்போவிலிருந்து வருவது ‘வரத்துக்குழாய்’, எஞ்சினுக்குப் போவது ‘ஊட்டுக்குழாய்’. ஏரிக்கு வரத்துக்கால் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கில் மற்றதைப் போக்குக்குழாய் என்றுதான் நானும் முதலில் எழுதிப் பார்த்தேன். ஆனால் போக்கு என்றதும் புகைபோக்கி நினைவுக்கு வந்து, படிப்பவர் சைலன்சர் பக்கம் போய்விடுவார். ஊட்டு என்பதில் அந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலத்தில் ‘சார்ஜ்’ என்பதற்கு மின்னூட்டம் என்று ஏற்கெனவே புழங்குவதால் டர்போ அழுத்தித் தரும் காற்றையும் ‘ஊட்டக்காற்று’ எனலாம். பெட்ரோல் போகும் குழாயோடு குழம்பும் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் மட்டும் காற்றூட்டுக்குழாய் என்று விரித்துக்கொள்ளலாம்.

இன்டர்கூலரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இடைக்குளிர்விப்பான்’ காற்றழுத்தி எந்திரங்களுக்குப் பொருந்தும். அங்கே இரண்டு அழுத்தக் கட்டங்களுக்கு இடையில் அது உட்கார்ந்திருக்கும். ஒற்றை டர்போ வண்டியில் அழுத்தம் ஒரே கட்டம்தான். ஆகவே நூலில் எழுதும்போது ஊட்டக்காற்றுக் குளிர்விப்பான், பேச்சில் இன்டர்கூலர். இதில் இனியும் நேரம் செலவிட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இப்போது அளவு. குழாயின் அளவைச் சொல்ல ‘விட்டம்’ போதுமே என்று கேட்ட தம்பிக்குத்தான் இந்தப் பகுதி. போதவே போதாது. அலுமினியக் குழாயை விற்பவர் வெளிவிட்டத்தைச் சொல்வார். சிலிகான் ஹோஸ் விற்பவர் உள்விட்டத்தைச் சொல்வார். அதனால்தான் 63 மிமீ குழாயின் மேல் 63 மிமீ ஹோஸ் கச்சிதமாக ஏறுகிறது. காற்று ஓடும் வழி என்று பார்த்தால், சுவர் 1.5 மிமீ இருக்கும் 63 குழாயில் உள்ளே கிடைப்பது 60தான்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு பட்டறைக்கு வந்த சிட்டி கோல்ஃபை (ஃபோக்ஸ்வாகனின் சிறிய கார்) சொல்கிறேன். 1.8 டர்போ எஞ்சின் மாற்றிப்போட்ட வண்டி. நம் பையன்களிடம் இது சகஜம். இணையத்தில் வாங்கிய குழாயில் ‘விட்டம் 60’ என்று மட்டும் போட்டிருந்தது. உள்விட்டம் என்று எடுத்துக்கொண்டு 63 ஹோஸ் வாங்கியிருக்கிறார்கள். வந்த குழாய்க்கு வெளிவிட்டமே 60. ஹோஸ் உள்ளே தொளதொளவென்று இருக்க, கிளாம்பை நெரித்து முறுக்கியதில் சிலிகான் ஒரு பக்கம் மடிந்து சுருக்கம் விழுந்திருந்தது. அந்தச் சுருக்கத்தின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் பூஸ்ட் ஏறியதும் ஹோஸ் டப்பென்று கழன்றுகொண்டது. எண்ணுக்கு முன்னால் ‘வெளி’ என்ற இரண்டெழுத்து இருந்திருந்தால் போதும். நம் சொற்பட்டியலில் தனி ‘விட்டம்’ வரவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

எந்த அளவைத் தேர்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு உதவும். பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு கிலோவாட்டுக்கு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிராம் காற்று வேண்டும். 150 கிலோவாட் என்றால் 150 கிராம். 2 பார் முழு அழுத்தத்தில், 50 பாகையில், அது விநாடிக்கு 70 லிட்டர். வெளிவிட்டம் 51 மிமீ குழாயில் இந்தக் காற்று விநாடிக்கு 38 மீட்டர் வேகத்தில் ஓடும். 63இல் 25 மீட்டர். 76இல் 17 மீட்டர். ஒலியின் வேகத்தோடு பார்த்தால் 38 என்பது பத்தில் ஒரு பங்குதான். ஆக, இந்த எஞ்சினுக்கு 51 குழாயே மூச்சுத் திணறாது. 76 போட்டுக்கொண்டு அலைபவர்கள் பெரும்பாலும் பானட்டைத் திறந்து காட்டுவதற்காகப் போடுகிறார்கள்.

ஆனால் வளைவுகளைப் பார்க்க வேண்டும். வளைவில் ஏற்படும் அழுத்த இழப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 51இல் ஒரு வளைவு தின்பது 63இல் தின்பதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. சிட்டி கோல்ஃப் மாதிரி முகப்பு குறுகலான வண்டியில் ஐந்தாறு வளைவு தவிர்க்க முடியாது. அங்கே 63 போடுவது நியாயம். ஊட்டுக்குழாயையாவது அப்படிப் போடலாம். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டிலின் வாய் பெரும்பாலும் அந்த அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வரத்துக்குழாயைச் சிறிதாகப் போடுவது பட்டறை வழக்கம். காரணம் கேட்டால், டர்போவின் வாயே சிறிதுதானே என்பார்கள். கணக்குப் பார்த்தால் சூட்டினால் விரிந்த அதே 150 கிராம் காற்று அந்தப் பக்கத்தில்தான் அதிக இடம் கேட்கிறது: 70 லிட்டருக்குப் பதில் 86. ‘சூடான காற்று, அதனால் சிறிய குழாய்’ என்று ஒரு வரி சென்ற மடலில் வந்தது. அதைப் பட்டியலின் விளக்கத்தில் சேர்க்க வேண்டாம். குழாய் நீளம் குறைவு, இடம் நெருக்கடி என்ற காரணங்கள் இருக்கின்றன, அவற்றை எழுதலாம்.

பெரிய குழாயால் டர்போ தாமதம் (ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு பூஸ்ட் ஏற எடுக்கும் நேரம்) கூடும் என்பது பாதி உண்மை. இரண்டு மீட்டர் நீளத்தில் 63க்கும் 76க்கும் கொள்ளளவு வித்தியாசம் மூன்று லிட்டருக்குள். முழு ஓட்டத்தில் அதை நிரப்ப விநாடியில் நூறில் நான்கு பங்கு ஆகும். டர்போ அப்போதுதான் சுழலத் தொடங்கும் நேரத்தில் ஓட்டம் குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். காலில் உணரும் தாமதத்தின் பெரும்பகுதி டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி எழுப்புவதில் போகிறது. ‘தாமதம்’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம், புதிது வேண்டாம்.

இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பையன்களுக்குத் தேவாரம் பாடத் தெரியும்; வண்டியின் ஒரு பாகத்துக்குக்கூடத் தமிழ் தெரியாது. வரத்து, ஊட்டு இரண்டையும் பலகையில் எழுதி அம்புக்குறி போட்டேன். எது எந்தப் பக்கம் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வெப்பக்குழாய் என்று எழுதியபோது ஒருவன் எக்ஸாஸ்டைக் காட்டினான். அதிலும் தப்பில்லை, வண்டியிலேயே அதிகம் சுடுவது அதுதான்.

ஒன்று மிச்சமிருக்கிறது. ஹோஸ் கழலாமல் இருக்க, குழாய் முனையைச் சுற்றி உருட்டி எழுப்பியிருக்கும் சின்ன மேடு. குழாய் முனையிலிருந்து பார்த்தால் கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும். ‘விளிம்புப் புடைப்பு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். பித்தளைப் பாத்திர வேலையில் இதற்கு நிச்சயம் ஒரு சொல் இருக்கும். கும்பகோணம் பக்கத்து நண்பர்கள் யாராவது கேட்டு எழுதினால் பட்டியலில் அதையே போட்டுவிடலாம்.

அன்புடன்,
டர்பனிலிருந்து