புதுப்பிப்பு: காமன் கூத்தும் தூக்கமும், இந்த முறை எப்படிப் போனது

மாசியில் கேட்டிருந்தேன்: எனக்கு பைபோலார் (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்), அதற்கு லித்தியம் மாத்திரை எடுக்கிறேன், இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வீடு, ராத்திரி முழுக்க ஆடுகிற எங்கள் காமன் கூத்துக்குக் கண் விழித்து இரண்டு வருஷமும் மேனியாவில்தான் (மனநிலை அளவுமீறி ஏறிவிடும் கட்டம்) போய் நின்றது, கூத்தை விடாமல் என்ன செய்யலாம் என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "பத்து மணிக்குப் படு, பேங்க் கார்டை வீட்டில் ஒருவரிடம் கொடு" என்ற யோசனை. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) கூத்தின் தப்புப் பறைச் சத்தம் சுவரைத் தாண்டி வரும், அதனால் அந்த நாட்களில் தோட்டத்தின் மேல் டிவிஷனில் அக்கா வீட்டில் படுத்தேன், கார்டையும் அவளிடமே கொடுத்தேன். ஒரு ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்கினேன், ஆனால் விடியும்போது களைப்பே இல்லை, பழைய வேன் ஒன்று வாங்கி ஓடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கார்டைத் தரவில்லை, "தம்பி, முதலில் கிளினிக்" என்றாள். கோபம்தான் வந்தது, ஆனாலும் போனேன். டாக்டர் இரவு மருந்தை மாற்றினார், நாலு நாளில் அந்த வேகம் இறங்கிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. தூக்கம் வரட்டும் என்று நாளைக்கு எட்டுப் பத்துக் கோப்பை குடிக்கிற பிளேன்டீயை (பால் சேர்க்காத தேநீர்) ஒரேயடியாக நிறுத்தியிருந்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. இரத்தத்தில் லித்தியம் கூடியிருந்தது. தேநீரில் இருக்கிற கஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுமாம், திடீரென்று நிறுத்தினால் உடம்பில் தங்கிவிடுமாம். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாது! லித்தியம் எடுத்துக்கொண்டு டீயைக் குறைக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு மெதுவாகக் குறையுங்கள். இப்போது எனக்குக் காலையில் இரண்டு கோப்பை, மத்தியானத்துக்குப் பிறகு இல்லை.