240இசட் விற்கும் முன் ஒரு யோசனை வேண்டும்

அண்ணன்மார்களே, கேஎல்லில் (கோலாலம்பூர்) என் 1973 டட்சன் 240இசட் கார் ஒன்று விற்பனைக்கு. பேட்டரித் தட்டு, தரையடி ரெயில், பின்வீல் வளைவு என்று துரு தின்ற இடமெல்லாம் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தது. புட்டி பூசி மறைத்ததல்ல, வேலை நடந்தபோது எடுத்த படங்கள் உண்டு.

சிக்கல் எஞ்சினில். பழைய எல்24 எஞ்சின் (2,393 சிசி) போய் இப்போது எல்28 (2,753 சிசி), மூன்று வெபர் 40 கார்புரேட்டர். கிராண்டில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) இன்னும் பழைய எஞ்சின் எண்தான். பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் மையத்தில் நடக்கும் பி5 வண்டிப் பரிசோதனையில் எண் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே மாட்டும். முதலில் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) மாற்றத்தைப் பதிவதா, பத்திரமாக இருக்கும் எல்24-ஐத் திரும்ப இறக்கி விற்பதா? சேகரிப்பவர்கள் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. இந்த எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம், அதனால் எக்ஸாஸ்ட் சூடு கார்புரேட்டரில் ஏறுகிறது. ஃபெடரல் ஹைவே ஜாமில் நின்று வந்து அணைத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து, சூட்டோடு ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. ஹீட் ஷீல்டு போட்டும் பாதிதான் குறைந்தது. வாங்க வருபவர் முன்னால் மானம் போகும்! ஃபினோலிக் ஸ்பேசர் (கார்புரேட்டருக்குச் சூடு ஏறாமல் இடையில் வைக்கும் துண்டு) போட்டவர்கள் இருந்தால், எத்தனை மில்லிமீட்டர் தடிமன், டிரம்பெட் (கார்புரேட்டர் வாயில் உள்ள காற்றுக் குழல்) எஞ்சின் அறையின் உள் தகட்டில் இடிக்கிறதா என்று சொல்லுங்கள்.

பினாங்கில் அண்மையில் இதுபோல் வண்டி கைமாறியிருந்தால் விலையையும் தெரிவியுங்கள்.