புதுப்பிப்பு: பாஸ்டன் ஓல்ட் நார்த் சர்ச், உள்ள போய்ட்டு வந்துட்டேன்

போன த்ரெட்ல பெஞ்சுக்குப் பதிலா மரப்பொட்டி மாதிரி கதவு வச்சு அடைச்சிருக்காங்களே எதுக்குன்னு கேட்டிருந்தேன்ல, பதில் கிடைச்சிருச்சு. குளிருக்குத்தான். 1723ல கட்டுன எபிஸ்கோபல் (இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சபை வழி வந்தது) சர்ச், ஹீட்டர் எல்லாம் ஏது, அதனால காத்து அடிக்காம இருக்க இடுப்பு உயரத்துக்கும் மேல பலகை, உள்ள காலுக்குப் பக்கத்துல தணல் போட்ட சின்னப் பொட்டி ஒண்ணு, குடும்பத்தோட உக்காந்துக்குவாங்க. சும்மா இல்ல, அந்த எடத்தையே அப்பல்லாம் காசு குடுத்து வாங்கணும்! (சாமி முன்னாடியும் பிளாட் போட்டு வித்திருக்காங்க.)

இன்னொண்ணு, போன த்ரெட்ல நான் தப்பா எழுதிட்டேன். ஆர்கன்ங்கற பெரிய குழாய் வாத்தியம் பக்கத்துல நிக்குற நாலு மர தேவதைங்க இந்த சர்ச்சுக்காக செதுக்குனது இல்லையாம். குரூச்சின்னு ஒரு கேப்டன், லைசன்ஸ் வாங்கி எதிரிக் கப்பலக் கொள்ளையடிக்கிற ஆளு, 1746ல பிரெஞ்சுக் கப்பல்ல அடிச்சத கொண்டாந்து தன்னோட சர்ச்சுக்கே காணிக்கையா குடுத்துட்டாரு. திருட்டுப் பொருள்னு யாருமே கேக்கல போல, முகம் மட்டும் எவ்ளோ சாந்தமா இருக்கு தெரியுமா.

மாடி கேலரில இருக்குற கடிகாரம் 1726ல செஞ்சது, இன்னும் ஓடுது. மேல தொங்குற பித்தளை சரவிளக்குல பல்பு கிடையாது, மெழுகுவர்த்திதான்.

கோபுரத்துல எட்டு மணிங்க தொங்குது, இங்கிலாந்துல குளோஸ்டர்ல வார்த்தது, பின்னால அமெரிக்க சுதந்திரப் போர்ல பேர் வாங்குன பால் ரிவியர் சின்னப் பையனா இருந்தப்ப அடிச்ச மணிங்க. கோபுரத்து மேல ஏற விடல, அடுத்த தடவ பாத்துக்கலாம்.