புதுப்பிப்பு: எங்கள் குறும்படத்துக்கு 'யுஏ 13+' கேட்கிறோம்

கோத்தகிரியில் எடுத்த மாணவர் குறும்படத்துக்கு எந்த வயதுச் சான்றிதழ் கேட்பது என்று முன்பு கேட்டிருந்தேன். எல்லோரும் பார்க்கலாம் என்கிற 'யு' போதும் என்றே பலரும் சொன்னீர்கள். ஆனால் 13 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்கிற 'யுஏ 13+' என்று முடிவு செய்துவிட்டோம்.

காரணம் ஒரே காட்சி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டில், குடித்துவிட்டு வந்த அப்பா கை ஓங்குகிறார். அடி திரையில் விழுவதில்லை. வரக்காப்பிப் பாத்திரம் உருள்கிறது, கதவோரம் சிறுமி காதைப் பொத்திக்கொள்கிறாள். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "என் சின்னவள் இதைத் தனியாகப் பார்க்கக் கூடாது தம்பி" என்றார். எனக்கு அதுவே போதும். காட்சியை வெட்ட மாட்டேன்.

2023 திரைப்படச் சட்டத் திருத்தம் 'யுஏ'வை 7+, 13+, 16+ என்று பிரித்தது. இது தடையல்ல, பெற்றோருக்கான வழிகாட்டுதல். 'ஏ' என்றால்தான் 18 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதியில்லை. இறுதி முடிவு தணிக்கை வாரியத்தின் கையில்.