ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் காலத்து கேம் பத்திரிகைகள்: உங்களுக்கு இன்னும் உறுத்துற ஒரு சம்பவம்

ரப்பர்கீ:
மூர் மார்க்கெட் 85ல எரிஞ்சப்புறம் பழைய புத்தகக் கடையெல்லாம் பக்கத்துல போட்டாங்களே, அங்க பொறுக்கினது. அட்டை கிடையாது, அதனால எந்தப் பத்திரிகைன்னே தெரியாது. பிரிட்டிஷ், அவ்வளவுதான். வீட்ல சித்தப்பா லண்டன்லேர்ந்து கொண்டுவந்த 48கே ஸ்பெக்ட்ரம், சின்க்ளேர் கம்பெனியோட ஹோம் கம்ப்யூட்டர். கேம் கேசட் விளம்பரம் பக்கம் பக்கமா இருக்கும், எல்லாம் பவுண்டு விலை. நமக்கு லிஸ்டிங்தான் கதி, அதாவது பத்திரிகையில அச்சடிச்ச புரோகிராமைப் பார்த்து நாமளே அடிச்சுக்கணும்.

குகைக்குள்ள போற மாதிரி ஒரு கேம். சின்க்ளேரோட குட்டி பிரின்டர்ல, அந்த வெள்ளித்தாள்ல எடுத்ததை அப்படியே போட்டோ பிடிச்சு அச்சடிச்சிருப்பான். 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது. அண்ணா வாசிக்க, நான் அடிக்க. படம் வரையறதுக்கான எண்கள் வர்ற டேட்டா வரிகள் பாதியில இருக்கும்போது பக்கத்துக்கடியில 'தொடர்ச்சி அடுத்த பக்கம்'. அடுத்த பக்கம் கிழிஞ்சு போயிருக்கு.

சரி, வர்ற வரைக்கும் வரட்டும்னு ரன் கொடுத்தோம். திரை கறுப்பாச்சு. மேல தலைப்பு. ஓரத்துல பச்சைக் கலர்ல ஒரு ஆள், தலையும் தோளும் மட்டும். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அடியில 'அவுட் ஆஃப் டேட்டா'. அந்த ஆளு கால் எப்படி இருந்திருக்கும்னு இன்னிக்கும் சில சமயம் யோசிப்பேன், சிரிக்காதீங்க.

டேப்லோடிங்:
எங்க ஸ்கூல்ல 1984 கிளாஸ் திட்டத்துல, அதான் ஸ்கூலுக்கு கம்ப்யூட்டர் கொடுத்த அரசாங்கத் திட்டம், அதுல வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர். கூடவே ரெண்டு மூணு பத்திரிகை வந்துது, சார் அதை பீரோல வச்சுப் பூட்டிட்டார். கண்ணாடி வழியா அட்டையில ராக்கெட் படம் தெரியும். நான் ஸ்கூலை விட்டுப் போற வரைக்கும் அதே ராக்கெட்தான்.

ரப்பர்கீ, உங்க விஷயத்துக்கு வர்றேன். இதெல்லாம் இப்ப ஒரு பிரச்சினையே இல்ல. இன்டர்நெட் ஆர்கைவ்ல அந்தக் காலத்துப் பத்திரிகை ஸ்கேன் குவிஞ்சு கிடக்கு. ஸ்பெக்ட்ரம் லிஸ்டிங்குகளை ஆட்கள் உக்காந்து அடிச்சு 'டைப் ஃபன்டாஸ்டிக்'னு ஒரு தொகுப்பே வச்சிருக்காங்க. கேம் பேரை வச்சுத் தேடாதீங்க, ஒரே பேர்ல பத்து கேம் இருக்கும். முதல் பத்து வரியில வர்ற மாறிப் பெயர்கள் (வேரியபிள்) ஞாபகம் இருந்தா அதை வச்சுப் பாருங்க. ஓடவைக்க ஃப்யூஸ் எமுலேட்டர் போதும், இப்போதைய கம்ப்யூட்டரை ஸ்பெக்ட்ரம் மாதிரி நடிக்கவைக்கிற சாஃப்ட்வேர். அப்புறம் அந்தப் பழைய பத்திரிகை இன்னும் கையில இருந்தா தயவுசெஞ்சு செல்லோடேப் ஒட்டாதீங்க, பழுப்பாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னுடும். துருப்பிடிச்ச ஸ்டேபிள் பின் இருந்தா மெதுவா நிமிர்த்தி எடுத்துட்டு நூல்ல தைச்சுடுங்க. படுக்கப் போட்டு வைங்க, நிக்க வைக்காதீங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்.

ரப்பர்கீ:
தேடாம இருந்திருப்பேன்னு நினைக்கிறீங்களா? குகை கேம் மட்டும் நூத்துக்கணக்குல இருக்கு சார்.

ஈஸ்ட்ஹாம்அண்ணை:
நான் 89, 90 வாக்கில கிழக்கு லண்டனில ஒரு பேப்பர் கடையில பின்னேரம் நிண்டனான். அப்பதான் கேம் புத்தகங்களின்ர அட்டையில கசெட் ஒட்டி வரத் துவங்கினது. பெடியள் உரிச்சுக் கொண்டு போயிடுவாங்கள். அட்டை கிழிஞ்ச புத்தகத்தை ஆர் வாங்கிறது? முதலாளி என்னைத்தான் பேசுவார்.

ஒருநாள் ஒரு பெடியன், பன்னிரண்டு வயசு வராது, நேர கவுன்டருக்கு வந்தான். சட்டைப் பையிக்குள்ளயிருந்து ஒரு கசெட்டை எடுத்து வச்சான். பின்பக்கம் அட்டைக் கடதாசி இன்னும் ஒட்டியிருக்கு. முதல்நாள் எங்கட றாக்கையிலயிருந்து உரிச்சது! 'இது கொமடோர் கம்ப்யூட்டருக்கு, என்னட்ட இருக்கிறது ஸ்பெக்ட்ரம், மாத்தித் தருவியோ' எண்டு கேக்கிறான். முகத்தில ஒரு கூச்சமும் இல்லை. நான் என்ன செய்தன் எண்டு இங்க எழுதமாட்டன், முதலாளி இன்னும் உயிரோட இருக்கிறார்.

எண்டாலும் சொல்லுறன், அந்தக் கசெட்தான் புத்தகங்களைக் கெடுத்தது. பிறகு ஆர் வாசிச்சவை?

லட்லோவாசி:
அண்ணை மன்னிக்கணும், ஒத்துக்க முடியாது. கேசட் வந்த பிறகும் யுவர் சின்க்ளேர் என்ற ஸ்பெக்ட்ரம் பத்திரிகை 1993 செப்டம்பர் வரை ஓடியது. கிராஷ், ஸாப் என்ற கேம் பத்திரிகைகளை நடத்திய நியூஸ்ஃபீல்ட் நிறுவனம் 1991இல் மூழ்கியதற்குக் காரணம் கேசட் இல்லை. ஸ்பெக்ட்ரம், கொமடோர் போன்ற எட்டு பிட் கம்ப்யூட்டர்களின் சந்தையே வற்றிக்கொண்டிருந்தது, அவர்களோ சினிமா, திகில் என்று கண்ட கண்ட பத்திரிகைகளையெல்லாம் ஆரம்பித்துக் காசைக் கரைத்தார்கள். படிக்கிறவன் கேசட்டுக்கு முன்னாலும் விமர்சனத்தில் கேமுக்குப் போட்ட மதிப்பெண்ணை மட்டும்தான் படித்தான். நான் அப்படித்தான். 90 சதவீதம் தாண்டினால் 'கிராஷ் ஸ்மாஷ்' என்று பட்டம் கொடுப்பார்கள், கைக்காசு போச்சு.

என் சம்பவம்: அப்பாவுக்கு இங்கிலாந்தில் டாக்டர் வேலை. வேல்ஸ் போகிற வழியில் அடம்பிடித்து லட்லோவில் காரை நிறுத்த வைத்தேன். கிங் ஸ்ட்ரீட்டில் கிராஷ் அலுவலகம். கடிதப் பகுதி நடத்தும் லாயிட் மாங்ரமைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. வாசலில் நிற்கும்போது மாடிப்படியில் தடதடவென்று ஒருவன் இறங்கி வந்தான். பள்ளிச் சீருடை, தோளில் டை, வாயில் சிப்ஸ். என்னை விட ஒரு வகுப்பு மேலே இருப்பான். உள்ளூர்ப் பள்ளிப் பையன்களை வைத்துத்தான் விமர்சனம் எழுதினார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 'லாயிட் இருக்கிறாரா?' என்றேன். அவன் மேலே திரும்பிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். 'இன்னைக்கு லீவு' என்று சொல்லிவிட்டு ஓடினான்.

லாயிட் மாங்ரம் என்று ஒரு ஆளே கிடையாது, ஆசிரியர் ரோஜர் கீன் போட்டுக்கொண்ட வேஷம் என்று வருஷக்கணக்கு கழித்துத் தெரிந்தது. அந்தப் பையன் எவ்வளவு சட்டென்று பொய் சொன்னான்!

சிட்குமார்:
கிராஷ் கிராஷ்னு பேசுறீங்க, கொமடோர் 64 கம்ப்யூட்டருக்கு வந்த ஸாப் 64 பத்திரிகையைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. 1985 மே முதல் இதழ். விமர்சனத்துக்குப் பக்கத்துல எழுதினவன் தலையை ஆலிவர் ஃப்ரே வரைஞ்சிருப்பார், கேம் மொக்கையா இருந்தா மூஞ்சியே சொல்லிடும். அதுக்கு முதல் ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் மசூரில ஸ்கூல் படிச்சவர். அதே வருஷம் ஃப்யூச்சர் பதிப்பகத்தை ஆரம்பிச்சு, பிற்பாடு டெட் (TED) பேச்சு மேடைக்குப் போனாரே, அவரேதான். இதை எங்க மச்சான்கிட்ட சொன்னா இன்னிக்கும் நம்ப மாட்டேங்கிறார்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை, உங்க முதலாளிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா? தெரியாதுன்னா மிச்சத்தையும் எழுதுங்க.

ஈஸ்ட்ஹாம்அண்ணை:
அவர் யாழ்ப்பாணம், மானிப்பாய்.